நூலகங்களை அழித்தவன் எழுப்பிய வானாய்வுக் கூடம்

கி. பி. 1258 பிப்ரவரி 10ஆம் நாள் பாக்தாத் நகரம் மங்கோலியரிடம் பணிந்தது. அடுத்த ஆண்டே, அந்நகரை அழித்த அதே அரசனின் ஆணைப்படி, ஈரானின் வடமேற்கில் மராகா என்னும் ஊரை ஒட்டிய குன்றின்மேல் ஒரு வானாய்வுக் கூடம் எழத் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியைப் பள்ளி வரலாற்று நூல்களிலேயே படித்திருப்போம். இரண்டாவதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அவ்வரசன், செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு கான்.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு ஹுலாகுவிடம் என்ன வேலை என்று கேட்கலாம். தனிச் சீரிசை இயக்கத்தை நடத்தும்போது, வட்டத்தில் சீராகச் சுற்றும் புள்ளியின் நிழல் ஒரு நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஆடுவதை மாணவர்களுக்குக் காட்டுவோம். அதே ஆட்டத்தை நிழல் ஏதுமின்றி, இரண்டு வட்டங்களைக் கொண்டே பெறும் வழி ஒன்று உண்டு. அதற்குத் 'தூசி இணை' என்று பெயர். பெயரைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். இது நம் மேசைமேல் படியும் தூசி அன்று. தூஸ் என்ற ஊரில் 1201இல் பிறந்த நசீருத்தீன் தூசி என்னும் கணித மேதையின் பெயர். அவர் யார் என்று தேடப் புகுந்துதான் நான் மங்கோலியப் படையெடுப்பின் நடுவே போய் விழுந்தேன்.

மேற்கு நோக்கிய படை

ஹுலாகுவின் தந்தை துலுய், செங்கிஸ்கானின் இளைய மகன். தாய் சோர்காக்தானி, கிறித்தவப் பெண்மணி. நான்கு புதல்வர்களையும் ஆளப் பிறந்தவர்களாக வளர்த்தவள். மூத்தவன் மோங்கே 1251இல் பேரரசன் ஆனதும் தம்பியர் இருவருக்கு இரண்டு திசைகளைப் பிரித்துக் கொடுத்தான். குப்ளாய்க்குச் சீனம், ஹுலாகுவுக்கு மேற்கு.

1253இல் புறப்பட்ட ஹுலாகு 1256 சனவரியில்தான் அமு தாரியா ஆற்றைக் கடந்தான். மின்னலைப்போல் பாய்பவர்கள் என்று பெயர் பெற்ற மங்கோலியருக்கு இவ்வளவு தாமதம் ஏன்? ஒவ்வொரு வீரனும் பல குதிரைகளுடன் வந்தான். அத்தனைக்கும் வழியெல்லாம் புல் வேண்டும். முன்கூட்டியே ஆட்கள் சென்று மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கிவைத்தார்கள். ஆறுகளில் பாலம் கட்டினார்கள். கல்லெறி பொறிகளையும் எரிநெய்யையும் இயக்கச் சீனத்திலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். காட்டு வெள்ளம்போல் வந்த கூட்டம் என்று நாம் படிப்பது முழு உண்மையன்று. கணக்குப் போட்டு நகர்ந்த படை அது.

முதலில் வீழ்ந்தவை, எல்பர்ஸ் மலைகளில் இசுமாயிலிப் பிரிவினர் வைத்திருந்த கோட்டைகள். அவற்றுள் புகழ்பெற்றது அலமூத். 1256இன் இறுதியில் அது பணிந்தது. ஹுலாகுவின் அலுவலராக இருந்த வரலாற்றாசிரியர் ஜுவைனி அங்கிருந்த நூலகத்தைப் பார்க்க அனுமதி பெற்றார். தமக்கு நல்லவை என்று தோன்றிய நூல்களையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, மார்க்கத்துக்கு மாறானவை என்று கருதிய நூல்களை எரித்துவிட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். நூல்களை எரித்தவர் ஒரு நூலாசிரியர் என்பதைக் கவனியுங்கள்.

இக்கோட்டைகளில்தான் தூசி இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். விருந்தினராகவா கைதியாகவா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கோட்டை வீழ்ந்ததும் அவர் ஹுலாகுவின் அவைக்கு வந்து சேர்ந்தார்.

ஆறு தீங்குகள்

பாக்தாதைத் தாக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது ஹுலாகு முதலில் கேட்டது தளபதிகளை மட்டும் அன்று, சோதிடர்களையும்தான். ஹுசாமுத்தீன் என்ற சோதிடர், கலீபாவின்மேல் கை வைத்தால் ஆறு தீங்குகள் நேரும் என்றார்: குதிரைகள் மடியும், ஞாயிறு உதிக்காது, மழை பெய்யாது, நிலம் நடுங்கும், பயிர் முளைக்காது, பேரரசன் ஒருவன் அவ்வாண்டிலேயே இறப்பான். தூசியைக் கேட்டார்கள். இவற்றுள் ஒன்றும் நடக்காது என்றார் அவர். முன்பும் கலீபாக்கள் கொல்லப்பட்டதுண்டு. அப்போது ஞாயிறு உதிக்காமலா போயிற்று என்பது அவருடைய வாதம். அறிவியல் முறைப்படி இது பழுதற்ற விடை. ஆனால் அந்த விடையின் விளைவு என்ன?

1258 சனவரியில் மங்கோலியர் ஆற்றுக் கரைகளை உடைத்துக் கலீபாவின் படையை வெள்ளத்தில் சிக்கவைத்தனர். சனவரி 29இல் முற்றுகை தொடங்கி இரண்டே வாரத்தில் முடிந்தது. அப்பாசியக் கலீபாக்களில் பாக்தாதிலிருந்து ஆண்டவர்களின் வரிசை அல் முஸ்தாசிமுடன் அற்றுப்போயிற்று. அரச குருதி மண்ணில் சிந்தலாகாது என்ற மங்கோலிய வழக்கப்படி, அவரைக் கம்பளத்தில் சுற்றிக் குதிரைகளால் மிதிக்கச் செய்தார்கள் என்பர். இறந்த மக்களின் தொகையைப் பழைய ஆசிரியர்கள் பலவாறாகக் கூறுகிறார்கள். டைகிரிஸ் ஆறு நூல்களின் மையால் கறுத்தது என்னும் செய்தி பிற்காலத்தார் சொன்னது; அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் கூடி வாழ்ந்த தலைநகரம் சூறையாடப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதற்கு 'ஆகும்' என்று சொன்னவர்களுள் நம் தூசியும் ஒருவர். அவருடைய கணிதத்தை நடத்தும்போதெல்லாம் இது என் மனத்தில் முள்ளாக உறுத்துகிறது.

முப்பது ஆண்டா, பன்னிரண்டா?

ஹுலாகு வானாய்வுக் கூடத்துக்குப் பணம் கொடுத்ததற்குக் காரணம் வானியல்மேல் கொண்ட காதல் மட்டும் அன்று. நல்ல நாள் பார்க்காமல் மங்கோலிய அரசன் படை நகர்த்தமாட்டான். சோதிடம் பலிக்க வேண்டுமானால் கோள்களின் இருப்பிடம் பிழையின்றித் தெரிய வேண்டும். பழைய அட்டவணைகளோ பிசகிவிட்டன. தூசி இந்தத் தேவையைப் பயன்படுத்திக்கொண்டார்.

எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டான் அரசன். முப்பது என்றார் தூசி. அவர் கேட்டது சரியான காலம். கோள்களில் மிக மெதுவாகச் செல்லும் சனி ஞாயிற்றை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒரு முழுச் சுற்றையேனும் பார்க்காமல் அதன் பாதையை எப்படி உறுதி செய்வது? ஹுலாகு பன்னிரண்டு ஆண்டுகளில் முடிக்கச் சொன்னான். வியாழனுக்கு அது போதும், சனிக்குப் போதாது. மானியம் தருவோருக்கும் ஆராய்ச்சி செய்வோருக்கும் இடையேயான வழக்கு அன்றே தொடங்கிவிட்டது!

திமிஷ்கு நகரிலிருந்து வந்த அல் உர்தி கருவிகளைச் செய்தார். அவற்றுள் சுவரில் பதித்த கால்வட்டக் கருவியின் ஆரம் ஏறக்குறைய 430 செ. மீ. இவ்வளவு பெரிதாக ஏன் வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். 430 செ. மீ. ஆரத்தில் ஒரு பாகை 7.5 செ. மீ. நீளும். ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 1.25 மி. மீ. ஆகும், கண்ணால் பிரித்தறியலாம். கைக்கடக்கமான 43 செ. மீ. கருவியில் அது 0.125 மி. மீ.தான். தொலைநோக்கி இல்லாத காலத்தில் நுட்பம் வேண்டுமானால் கருவியின் அளவைப் பெருக்குவதுதான் வழி.

குன்றில் கூடியவர்களோ பல நாட்டினர். சீன அறிஞர் ஒருவர் தம் நாட்டுக் காலக்கணிப்பைத் தூசிக்கு விளக்கினார். சிரிய நாட்டுக் கிறித்தவப் பேரறிஞர் பார் எபிரேயஸ் 1268இல் இங்கு யூக்ளிடைக் கற்பித்தார். மேற்கு அரபு மரபில் வந்த மக்ரிபியின் கதை வேறு. அவர் பணியாற்றிய சிரிய அரசனையும் உடன் இருந்தவர்களையும் 1260இல் மங்கோலியர் வெட்டி வீழ்த்தியபோது, "எனக்கு வான நூல் தெரியும்" என்று சொல்லி உயிர் பிழைத்தார். மராகாவில் மிகக் கூர்மையான நோக்கீடுகளைச் செய்தவர் அவரே.

இங்கு உருவான 'இல்கானி அட்டவணை'யில், அயனச் சலனம் 70 ஆண்டுக்கு ஒரு பாகை எனக் கொள்ளப்பட்டது. இன்றைய அளவு ஏறத்தாழ 72 ஆண்டு. தாலமியோ நூறு ஆண்டு என்றார். ஆயினும் அட்டவணையின் பெரும்பகுதி பழைய நூல்களைத் தழுவியது என்று பின்வந்தவர்கள் குறை கூறினர். பன்னிரண்டு ஆண்டு கெடுவில் வேறென்ன செய்ய முடியும்?

சல்லடைக்குள் ஒரு மூடி

தூசி இணைக்கு வருவோம். ஒரு சல்லடையைத் தரையில் வையுங்கள். அதன் விட்டத்தில் சரிபாதி விட்டமுள்ள வட்ட மூடி ஒன்றை உள்விளிம்பை ஒட்டி வழுக்காமல் உருட்டுங்கள். மூடியின் விளிம்பில் மையால் இட்ட புள்ளி எப்படி நகரும்? வளைந்து நெளியும் என்றுதான் எவரும் சொல்வார்கள். அது சல்லடையின் விட்டத்தின் வழியே நேர்கோட்டில் மட்டுமே போய்வரும்!

இது வெறும் வேடிக்கை அன்று. தாலமி தம் கோள் அமைப்பில், ஒரு வட்டம் தன் மையத்தைப் பற்றிச் சீராகச் சுழலாமல் வேறொரு புள்ளியைப் பற்றிச் சீராகச் சுழல்வதாகக் கொண்டார். கணக்கு ஒத்துவந்தது. ஆனால் உண்மையான ஒரு கோளம் அப்படிச் சுழல இயலாது என்பது தூசியின் மறுப்பு. தம் இணையைக் கொண்டு, சீரான வட்ட இயக்கங்களாலேயே சந்திரனுக்கும் கோள்களுக்கும் அமைப்புகளைக் கண்டார். இக்கருத்தின் முளை மலைக்கோட்டையிலேயே தோன்றிவிட்டது. முழு வடிவம் அவர் 1261இல் எழுதிய 'தத்கிரா'வில் உள்ளது.

1543இல் வெளிவந்த கோபர்னிக்கஸின் நூலிலும் இதே இணை காணப்படுகிறது. 1973இல் வில்லி ஹார்ட்னர் இரு படங்களையும் ஒப்பிட்டார். தூசி அலிஃப் இட்ட இடத்தில் கோபர்னிக்கஸ் ஏ இட்டிருக்கிறார். மற்ற எழுத்துகளும் பெரும்பாலும் ஒலியில் ஒத்துப்போகின்றன. தாமே கண்டுபிடித்தாரா, கடன் பெற்றாரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. இவ்விணையின் படம் அடங்கிய கிரேக்கக் கையெழுத்துப்படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை எண்ணினால், கடன் என்பார் பக்கமே என் மனம் சாய்கிறது.

முடியாத அட்டவணை

ஹுலாகு இவற்றில் எதையும் காணவில்லை. 1260இல் அலெப்போவும் திமிஷ்கும் அவன் வசமாயின. அண்ணன் மோங்கே இறந்த செய்தியால் பெரும்படையுடன் திரும்பினான். சிரியாவில் புல்லும் தீனியும் தீர்ந்துவிட்டதாக, 1262இல் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயிக்கு விடுத்த மடலில் அவனே குறிப்பிடுகிறான். விட்டுச்சென்ற சிறுபடையை 1260 செப்டம்பர் 3ஆம் நாள் எகிப்தின் மம்லூக்குகள் ஐன் ஜாலூத்தில் முறியடித்தனர். பின்னர்ச் சொந்தப் பெரியப்பன் மகன் பெர்க்கேயுடன் போர். 1265 பிப்ரவரியில் ஹுலாகு இறந்தான்; ஊர்மியா ஏரியிலுள்ள தீவொன்றில் புதைத்தார்கள். அட்டவணை அவன் மகன் அபாகா காலத்தில்தான் முடிந்தது. தூசி 1274இல், அதே பாக்தாதில், காலமானார்.

சிறுவனாக இருந்தபோது மராகாவின் இடிபாடுகளைக் கண்ட உலுக் பெக், பின்னாளில் சமர்கண்டில் அதனினும் பெரிய கூடத்தைக் கட்டினான். அவனைப் பின்பற்றி ஜெய்ப்பூர் மன்னன் சவாய் ஜெயசிங் டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் எழுப்பிய கல் கருவிகளைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். அம்மன்னனின் அவையில் 1729இல் நயனசுகர் என்ற பண்டிதர், 'தத்கிரா'வின் ஓர் அத்தியாயத்தை, பிர்ஜந்தியின் உரையுடன், வடமொழியில் பெயர்த்தார். அவர் தேர்ந்தெடுத்தது, இரண்டு வட்டங்கள் உருண்டு நேர்கோடு பிறக்கும் அந்த அத்தியாயத்தைத்தான்.