ஐந்து பவுனும் ஓர் எந்திரமும்

1951ஆம் ஆண்டு, அவசர காலத்தின் நடுவே, சிங்கப்பூர்த் தெங்கா தளத்திலிருந்து ‘வாம்பயர்’ ஜெட் போர் விமானங்கள் மலாயா வானிற் பறக்கலாயின. அவற்றின் மூக்கில் விசிறி இல்லை. விசிறியின்றி விமானம் பறப்பது எங்ஙனம் என்று காம்பார்த் தோட்டப் பிள்ளை கேட்பின், விடை இது: எந்திரம் முன்னே காற்றை இழுத்து அழுத்துகிறது, எண்ணெயுடன் எரிக்கிறது, வெங்காற்று ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பின்னே பீறிடுகிறது. அச்சக்கரமே அழுத்தும் கருவியை இயக்கும். பீறிடும் வேகத்தின் எதிர்விசை விமானத்தை முன்னே தள்ளும்.

இவ்வழியை வகுத்தவருள் ஒருவர் பிராங்க் விட்டில். 1907இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் எந்திரத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். குள்ளமென்று விமானப் படை அவரை முதலில் தள்ளிற்று. அவர் தளர்ந்தாரா? இல்லை, மீண்டும் முயன்று 1923இல் தொழில் பழகுநராய்ச் சேர்ந்தார். 1930இல் தம் கருத்துக்குக் காப்புரிமை கோரினார், அரசாங்கம் பொருட்படுத்தவில்லை. 1935இல் புதுப்பிக்கும் கட்டணம் 5 பவுன் கட்ட வழியின்றி அவ்வுரிமை காலாவதியாயிற்று. ஆயினும் 1937 ஏப்ரல் 12இல் அவரது எந்திரம் ஓடிற்று.

ஜெர்மனியிலோ, ஹான்ஸ் வான் ஓகைன் என்னும் இளைஞர் தனியே இதே வழியைக் கண்டார். விமான முதலாளி ஹைன்கெல் அவருக்குக் கைகொடுத்தார். 1939 ஆகஸ்டு 27இல் அவரது எந்திரம் பூட்டிய விமானம் பறந்தது. விட்டிலின் எந்திரம் விண்ணேறியதோ 1941 மே 15இல்தான்.

அன்பர்களே! அறிவு எவ்வீட்டிலும் பிறக்கும். ஆதரவுதான் எவ்வீட்டிற்கும் வருவதில்லை. நும் பிள்ளை பழைய மிதிவண்டியைப் பிரித்துப் போட்டிருப்பின், அடிக்கக் கை ஓங்குமுன் அந்த 5 பவுனை நினைமின்.