ஒரு கூலிக்காரர் எழுப்பிய கோபுரங்கள்

கோபுரம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சில் தோன்றுவோர் மன்னரும் செல்வருமே ஆவர். எந்தக் கோபுரத்தின் முன்னின்று வினவினாலும் கட்டுவித்தவர் பெயர் கிடைக்கும். கல் சுமந்தவர் பெயர் கிடைப்பதோ அரிது. ஆயின், கட்டுவித்தவரும் கட்டியவரும் சாந்து சுமந்தவரும் ஒருவரேயாகிய கோபுரங்கள் சில, அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரில், வாட்ஸ் என்னும் பகுதியில் நிற்கின்றன. எழுப்பியவர் ஒரு கூலிக்காரர். எழுப்பிய இடம் அவர் வீட்டு முற்றம். அவற்றின் வரலாற்றை நம் அன்பர்கள் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் பெயர் சபாத்தோ ரோடியா. சைமன் ரோடியா என்றே பிற்காலத்து மக்கள் வழங்கினர். இத்தாலியின் தென்பகுதியில் ஏழைக் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே தமையனைத் தொடர்ந்து கடல் கடந்து பிழைக்கச் சென்றவர். சென்ற நாட்டில் தமையன் சுரங்க விபத்தில் மாண்டார். தம்பியோ சுரங்கம், இருப்புப்பாதை, கட்டட வேலை எனக் கிடைத்த தொழிலைச் செய்து ஊர் ஊராக அலைந்தார். கல்விச் செல்வம் அவருக்கு வாய்க்கவில்லை. நாற்பது வயதைக் கடந்த பின், 1921-ஆம் ஆண்டில், வாட்ஸ் பகுதியில் இருப்புப்பாதை அருகே முக்கோண வடிவான சிறு மனையொன்றை விலைக்கு வாங்கினார். அது முதல் 33 ஆண்டுகள், பகலிற் பிறர்க்கு உழைத்து, மாலையிலும் ஓய்வு நாளிலும் தம் முற்றத்தில் தமக்கென உழைத்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. எஃகுக் கம்பிகளை இருப்புப்பாதைத் தண்டவாளத்தின் அடியிற் செருகி வளைப்பார். இணைப்புகளைக் கம்பியாலும் கம்பிவலையாலும் சுற்றிக் கட்டுவார். அதன்மேற் சிமிட்டிச் சாந்து பூசுவார். சாந்து உலருமுன் உடைந்த ஓடு, பீங்கான், புட்டிக் கண்ணாடி, கடற்சிப்பி ஆகியவற்றைப் பதிப்பார். சாரம் கட்டியதில்லை, ஆணி அறைந்ததில்லை, இரும்பைப் பற்றவைத்ததுமில்லை. சன்னல் துடைப்போர் இடுப்பிற் கட்டும் பட்டையே அவருக்குத் துணை. இவ்வண்ணம் 17 அமைப்புகள் உருவாயின. அவற்றுள் மிக உயர்ந்தது ஏறக்குறைய 100 அடி.

மன்னர் தம் கோபுரத்தில் இலச்சினை பொறிப்பர். ரோடியாரோ தம் சுத்தியல் முதலிய கருவிகளை ஈரச் சாந்தில் அழுத்தி அவற்றின் வடிவத்தைப் பதித்துவைத்தார். அக்கம்பக்கத்துச் சிறுவர் உடைந்த பாத்திரங்களைக் கொண்டுவந்து தருவர். அவர் அப்படைப்புக்கு இட்ட பெயர் ‘நுவெஸ்ட்ரோ புவெப்லோ’ என்பது. ஸ்பானிய மொழியில் ‘நம் ஊர்’ என்று பொருள். தனியொருவராய்க் கட்டியவர் ‘நம்’ என்றது கருதற்பாலது.

நிற்க. எல்லாரும் அவரைப் போற்றினர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அக்கோபுரங்கள் ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் என்றும் வதந்தி கிளம்பிற்று. 1955-ஆம் ஆண்டளவில் முதுமையுற்ற ரோடியார், மனையை அயலார் ஒருவருக்கு விலையின்றிக் கொடுத்துவிட்டு மார்ட்டினெஸ் என்னும் ஊர் சென்றார். மீண்டு வந்து பார்த்தாரில்லை. அதன்பின் வீடு தீக்கிரையாயிற்று. கோபுரங்கள் ஆபத்தானவை, இடித்துத் தள்ளுக என நகராட்சிக் கட்டடப் பிரிவினர் ஆணையிட்டனர்.

1959-ஆம் ஆண்டில் வில்லியம் கார்ட்ரைட், நிக்கலஸ் கிங் என்னும் இரு இளைஞர் 3,000 டாலருக்கு அம்மனையை வாங்கினர். கோபுரங்களைக் காக்க ஒரு குழு அமைந்தது. ‘வலிவில்லை என்கிறீர்கள், சோதித்துப் பாருங்கள்’ என்பது அவர்கள் வழக்கு. வானூர்தித் துறைப் பொறியாளர் பட் கோல்ட்ஸ்டோன் சோதனையை வகுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள், மக்கள் கூடிப் பார்த்திருக்க, உயர்ந்த கோபுரம் 10,000 பவுண்டு விசையுடன் பக்கவாட்டில் இழுக்கப்பட்டது. இழுத்த கருவியின் உத்தரம் வளையத் தொடங்கிற்று. கோபுரம் அசையவில்லை என்றே சொல்லலாம். இடிக்கும் ஆணை ஒழிந்தது.

1965-ஆம் ஆண்டு ஜூலையில் ரோடியார் மறைந்தார். அடுத்த திங்களில் வாட்ஸ் பகுதியில் பெருங்கலகம் மூண்டது. கடைகள் பல எரிந்தன. கோபுரங்களுக்கு ஊறு நேரவில்லை. 1990-ஆம் ஆண்டில் அவை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன. ஒருவர் முற்றத்து விந்தையாய்த் தொடங்கியவற்றை இன்று அப்பகுதியின் அடையாளமாகவே உலகம் அறிகிறது.

இவ்வரலாறு தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. நாம் எழுதும் செக்ரோலில் ஆளின் பேர் உண்டு, நாள் உண்டு, கூலி உண்டு. முற்காலத்தில் நம் முன்னோர் பேர் அதில் ஏறிற்று. இன்று பிறநாட்டுத் தொழிலாளர் பேர் மிகுதியாய் ஏறுகின்றது. பொழுது சாய்ந்தபின் அக்கைகள் என்ன செய்தன என்று எழுத அதில் ஒரு பத்தி இல்லை. ரோடியார் வாழ்வையும் செக்ரோல் ஒன்றைக் கொண்டே அளந்திருந்தால், அவர் ஓட்டு வேலை செய்த கூலியாள், அவ்வளவே.

மற்றொன்றும் உண்டு. அவர் கட்டத் துணிந்தது, மனை அவர் உடைமையாய் இருந்தமையால். லயத்தில் வாழ்ந்த நம்மவர்க்கு முற்றம் இருந்தது, உரிமை இருந்ததில்லை. வாசலில் வளர்த்த செடியும், மரத்தடியில் எழுப்பிய சிறு மேடையும், தோட்டம் கைமாறிய அன்றே பிறர் பொருளாயின. எத்தனையோ லயங்கள் நகர் விரிவுக்காக இடிக்கப்பெற்றன. அங்குத் தொழிலாளர் தம் கையால் ஆக்கியவை எவை, அவற்றின் வலிவு எத்தகையது என்று நின்று பார்த்தோர் சிலரே.

எஞ்சியிருக்கும் தோட்டங்களிலேனும் அவற்றைக் கண்டு குறித்து வைப்போமாக. ஆக்கிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுவோமாக. பேரேடு எழுதக் கற்ற கை நமக்கு இருக்கின்றது. கூலிக் கணக்கிற்கு அப்பாலும் அஃது எழுதட்டும்.