துயருற்றோர் நடுவே காஞ்சி

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரென்றும் பட்டு நகரென்றும் நாம் அறிவோம். கடல்கோளுக்குத் தப்பியோர் அடைக்கலம் புகுந்த நகர் என்று அதனை அறிமுகப்படுத்துவோர் அரியர். மணிமேகலைக் காப்பியமோ அவ்வாறே காட்டுகிறது. புகார் கடலுள் மூழ்கியபின் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் காஞ்சியை அடைகின்றனர். அங்கோ மழையின்றிப் பஞ்சம். தந்தை கோவலனை இழந்த மணிமேகலை அமுதசுரபியுடன் வந்து, முதலில் பசித்தோரை உண்பிக்கிறாள். அறவணரின் நீண்ட அறவுரை அதன் பின்னரே வருகிறது. காப்பியத்தில் கற்பனை மிகுதி. ஆனால் பௌத்தக் காஞ்சி கற்பனையன்று. 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், திராவிட நாட்டில் 100க்கு மேற்பட்ட மடங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதினார்.

அதே காப்பியத்தில் வேறொரு காட்சியும் உண்டு. மகன் உதயகுமரனை இழந்த அரசி, மணிமேகலையைத் துன்புறுத்துகிறாள். பின்னர் அவள் மனமுடைந்து நிற்கையில், நீ அழுவது உடலுக்கோ உயிருக்கோ என்று மணிமேகலை வினவுகிறாள். தருக்கம் கூரியது, ஆயினும் பிள்ளையை இழந்த தாயிடம் அதனைக் கூற நமக்கு நா எழுவதில்லை. நாமும் குற்றமற்றவர் அல்லர். யோபு தன் பிள்ளைகளை இழந்த வேளையில் தானே அறிக்கையிட்டதை, நாம் பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அறிவுரையாக்கிவிடுகிறோம். அவருடைய நண்பர்கள் பேசத் தொடங்குமுன் ஏழு நாள் மௌனமாயிருந்ததே அவர்கள் செய்த நற்பணி! பெத்தானியாவிலும் சகோதரிகள் இருவரும் ஒரே முறையீட்டையே வைத்தனர். மார்த்தாளுக்கு ஆண்டவர் உயிர்த்தெழுதலைப் போதித்தார். மரியாளின் அழுகையைக் கண்டபோதோ கண்ணீர் விட்டார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பூம்புகார் கரையை அன்று உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கடற்கரையும் தப்பவில்லை. பலரது உடல்கள் சடங்கின்றி ஒரே குழியில் புதைக்கப்பட்டன. யாருக்காக எங்கே நின்று அழுவது என்றறியாத குடும்பங்கள் எஞ்சின. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் அந்நாட்களில் ஊர்த் தொண்டர்களுக்கு அளித்த பயிற்சியில் முதலிடம் பெற்றது செவிமடுத்தலே. அன்றாட வாழ்வு மீளத் துணைநிற்பது அதனுடன் இணைந்தது.

இது பேரிடருக்கு மட்டும் உரியதன்று. காஞ்சியின் கோர்வைப் புடவையை ஒருவர் தனியே நெய்தல் அரிது. கரையின் நாடாவை மறுபுறத்தில் வாங்கி விடத் துணையாள் வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவியோ மகனோ உடன்பிறந்தவரோ ஆவார். அவர் இறந்தால் வீட்டில் ஓர் உயிர் மட்டுமன்று, தறியின் பாதியும் போயிற்று. சாவு வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அண்டை வீட்டார் சோறு கொண்டுவருவர். அவ்வழக்கம் இன்னும் அழியவில்லை. அச்சோறு நின்றபின், பாவு பாதியில் கிடக்க, வாங்கிய முன்பணம் கடனாய் நிற்கும் நாட்கள் வருகின்றன. அடக்க ஆராதனை முடிந்து, ஒருமுறை வந்து ஜெபித்துத் திரும்பிய போதகர் அவ்வீட்டிற்கு மறுபடியும் செல்லவேண்டிய காலம் அதுவே. செல்லும்போது தறியின் மறுபுறத்தில் இப்போது யார் அமர்கிறார் என்று கேட்கலாம்.