நீலகிரியின் சிலோன் தமிழர்கள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களின் தேயிலைத் தொழிலாளர்களில் கணிசமானோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அரசு ஆவணங்களில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஊர்ப் பேச்சில் சிலோன்காரர்கள். திரும்பியவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்டதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் போய், முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு திருத்தியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களையோ, தொண்டமான் போன்ற அவர்களுடைய தலைவர்களையோ யாரும் கலந்து பேசவில்லை. இரு அரசுகளுக்கிடையிலான பிணக்கு தணிந்தது என்பது உண்மை. மக்களுக்கு அமைதி கிடைத்ததா என்பது வேறு விஷயம்: 1977, 1981, 1983 வன்முறைகள் தோட்டத் தமிழர்களையும் தாக்கின. அதற்கு முன்பே, 1970களின் நடுவில், தோட்டங்களில் பஞ்சம். கிளம்புவதா, இருப்பதா என்று தயங்கியவர்களைப் பசியே கப்பலேற்றியது.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு ஆளுக்கொரு திசை. சிலருக்கு நூற்பாலை வேலை, பலருக்குச் சிறு தொழில் கடன். கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் மட்டுமே பழகியவர்களைச் சமவெளியில் கடை வைக்கச் சொன்ன திட்டம் நெடுநாள் நிற்கவில்லை. கடன் பணம் கரைந்ததும், தெரிந்த குளிரையும் தெரிந்த வேலையையும் தேடிப் பல குடும்பங்கள் தாமாகவே மலையேறின. தாயகம் திரும்பியோருக்கென்று 1969இல் ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டே வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்திருந்தது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, அதாவது டேன்டீயாக, மாறியது. நிலையான சம்பளம், லைன் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற வகையில் வந்தவர்களில் அங்கே வேலை கிடைத்தவர்களே ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இலங்கையில் விட்டுவந்த லயத்து (லைன் வீட்டு) வாழ்க்கையின் அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

டேன்டீயில் இடம் கிடைக்காதவர்களின் நிலை இன்னும் மோசம். கூடலூர்ப் பகுதியில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த ஜென்ம (பரம்பரை உரிமை) நிலங்கள், 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் முடிவில்லாத வழக்குகளில் சிக்கின. அங்கே குடிசை போட்டவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் எளிதில் கிடையாது. தேயிலைக்காக அழிக்கப்பட்ட காடு பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகள் புழங்கிய காடு. ஓரிடத்தில் வேரறுந்தவர்களைக் குடியமர்த்தியபோது இன்னொரு கூட்டத்தின் நிலம் சுருங்கியது. இரு தரப்பின் உரிமையையும் ஒன்றாக வைத்து எந்த அரசும் தீர்த்ததில்லை.

கடலுக்கு அப்பால் தங்கிவிட்டவர்களுக்கு 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள் இலங்கைக் குடியுரிமையை வழங்கின. ஒப்பந்தக் காலத்தில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக ஓடிவந்த மலையகத் தமிழர்களோ அதே வம்சாவளியினராக இருந்தும் முகாம்களில் தங்கினார்கள். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

நட்டத்தில் நடந்த டேன்டீ தன் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை 2022இல் வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க முடிவானது. ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை அப்போது மேலும் கூர்மையானது. அவர்களுக்குத் தனி வீடு கட்டித்தரும் திட்டத்தை அரசு அறிவித்தது.