வாயிற் கல்லும் வாசிக்கும் மனமும்

திருகோணமலைப் பிரடெரிக் கோட்டையின் வாயிலிலே சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அவ்விடத்திற் கோட்டை அமைத்தனர். அவர்களுக்கு அது வெறுங் கட்டடக் கல், நமக்கோ சாசனம்.

குளக்கோட்டனின் திருப்பணியையும் பறங்கியையும் சுட்டும் சில எழுத்துக்களே அதில் எஞ்சியுள்ளன. எனினும் அதனை வாசிக்கும் ஊரவர் எங்கும் தடுமாறுவதில்லை. செவிவழியாக வந்த வெண்பாவொன்று அவர் நெஞ்சில் முன்பே இருக்கின்றது. கண் காணாத எழுத்துக்களை அது நிரப்பிவிடுகின்றது. பறங்கி கோயிலை அழித்தபின் பூனைக் கண்ணினர், செங்கண்ணினர், புகைநிறக் கண்ணினர் ஆள்வர் என்பது அவ்வெண்பாவின் கருத்து. இவற்றைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மரபு பொருத்திக்கொண்டது. கண்ணின் நிறம் எந்த நாட்டினதும் பெயரன்று. ஆங்கில ஆட்சியைக் கண்டவரே அங்கு ஆங்கிலேயரைக் கண்டனர்.

அனுபவத்துக்கு மனமே வடிவங் கொடுக்கின்றது என இமானுவேல் கான்ற் 1781 இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றார். (மறு ஆண்டிலேயே இத்துறைமுகம் சனவரியில் ஆங்கிலேயர் வசமும் ஓகத்தில் பிரெஞ்சுக்காரர் வசமும் ஆயிற்று.) அவர் கூறிய வடிவங்கள் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானவை. நாம் இங்குக் காண்பனவோ வரலாற்றில் விளைந்தவை. தோல்வியுற்ற ஒரு சமூகத்தின் வாழ்நிலையிலிருந்து எழுந்தவை.

இவ்வாசிப்பை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆனால் இடிக்கப்பட்ட கோயிலின் நினைவைத் தலைமுறைகளூடாகக் காத்ததில் அதற்கும் பங்குண்டு. 1950 இல் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பழம்பொருள்களாக மட்டும் கருதாது, கோணேசர் கோயிலின் தெய்வங்களாக மக்கள் வரவேற்றமைக்கு அந்நினைவே காரணம். எனினும் அதே வாசிப்பு ஆக்கிரமிப்பை விதியாக்கிவிடுகின்றது. 1620 இல் டேனியர் இத்துறைமுகத்தில் இறங்கியமை, கண்டி மன்னனுக்குக் கடல்வழி உதவி கிட்டாது தடுக்கப் போர்த்துக்கேயர் முனைந்தமை ஆகியன மறைந்து, முன்பே எழுதிவைத்தது நடந்தேறியது என்பதே எஞ்சுகின்றது. இடித்தவன் அங்கே குற்றவாளியல்லன், வெறுங் கருவியே.

நமது வாசிப்பும் விலக்கன்று. அவ்வாயிலிற் செதுக்கப்பட்ட இணைக்கயலைக் கண்டமாத்திரத்தே பாண்டியர் இலச்சினை எனக் குறித்துக்கொண்டோம். கல்லில் இருந்தவை இரு மீன்கள்.