கிட்டியிலிருந்து தேர்வுத்தாள் வரை: மலாயாக் காவலர் பயிற்சியின் சட்டப் பின்புலமும் தமிழும்

மலேசியாவில் ஆண்டுதோறும் மார்ச்சு 25 காவலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1807 ஆம் ஆண்டு அதே நாளில் பினாங்குக்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனத்தைக் காவற்படையின் தோற்றமாகக் கொள்வது மரபு. காவற்படை வரலாறுகள் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்கிச் சீருடை, படைக்கலம், ஆட்பெருக்கம் என விரிந்து செல்கின்றன. ஒருவனைக் காவலன் என்று சான்றளிப்பதற்கு முன் அவன் எவற்றைக் கற்றிருக்க வேண்டும் என்று அரசு கருதியது என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவைத் தமிழோடு தொடர்புபடுத்திக் காண்பதே நம் நோக்கம். இதற்கான விடையின் முதற்பகுதி பினாங்கில் இல்லை. சென்னை மாகாணத்தில் இருக்கிறது.

1855 இல் சென்னை மாகாணத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டும் அதிகாரமும் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரமும் அந்நாளில் ஒரே கையில் இருந்தன. தாசில்தாரின் கீழ்ப் பணிபுரிந்தவர்களே நிலவரி பாக்கிக்காகவும் ஒருவனை வதைத்தனர்; களவை ஒப்புக்கொள்ளச் செய்யவும் வதைத்தனர். விரல்களை இடுக்கி நெரிக்கும் 'கிட்டி' என்ற கருவியின் பெயர் அவ்வறிக்கையில் தமிழ்ச் சொல்லாகவே, ஆங்கில எழுத்தில் இடம்பெற்றிருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கில ஆவணங்களுக்குள் நுழைந்த சொற்களைப் பட்டியலிடுவோர் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் பெருமையோடு குறிப்பிடுவர். கிட்டியைக் குறிப்பிடுவோர் குறைவு.

இவ்வறிக்கையை அடுத்து 1859 ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னையில் வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்ட காவற்படை அமைந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். ஆயினும் படையைப் பிரித்ததனால் மட்டும் பழக்கம் மாறிவிடாது என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். அவர்கள் முன் இரு வழிகள் இருந்தன. காவலனைப் பயிற்றி நம்பத்தக்கவன் ஆக்குவது ஒன்று. அவன் கொண்டுவரும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காதிருக்கச் செய்வது மற்றொன்று. இரண்டாம் வழி எளிதாகவும் செலவற்றதாகவும் இருந்தமையால் அதுவே முதலில் வந்தது. காவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதல், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கப்படலாகாது என 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது.

முதல் வழிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1902 இல் அமைக்கப்பட்ட ஆண்ட்ரு பிரேசர் தலைமையிலான காவல் ஆணையம், காவற்படை பயிற்சியிலும் அமைப்பிலும் குறைபாடுடையது என்றும் மக்கள் அதனை ஊழலும் கொடுமையும் நிறைந்ததாகவே கருதுகின்றனர் என்றும் ஒளிவுமறைவின்றி எழுதியது. மாகாணந்தோறும் அலுவலர் பயிற்சிப் பள்ளியும் கடைநிலைக் காவலர்க்குத் தனிப் பயிற்சியும் வேண்டுமென அது பரிந்துரைத்தது. சென்னை மாகாணப் பள்ளி வேலூரில் நடைபெற்றது. பர்மாவுக்குரியது மாண்டலேயில் இருந்தது. 1922 இல் மாண்டலேயில் சேர்ந்து சட்டம், பர்மியம், இந்துஸ்தானி ஆகியவற்றைப் பயின்ற எரிக் பிளேர் என்ற இளைஞர் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்று அறியப்பட்டார். காவற்பயிற்சிப் பள்ளிகள் தம் மாணவரைப் பற்றி எப்போதும் சரியாகக் கணித்துவிடுவதில்லை போலும்.

நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசோடு இணைந்திருந்தமையால், பிரிந்த பின்னரும் சட்ட நூல்கள் அங்கிருந்தே வந்தன. 1871 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பிரிவு எண்களோடு பின்பற்றியது. ஏமாற்றுக்காரனைத் தமிழ்நாட்டிலும் நம் நாட்டிலும் 'நானூற்றிருபது' என்று சுட்ட முடிவது இதனாலேயாகும். வேலூரில் பயின்றவரும் சிங்கப்பூரில் பயின்றவரும் ஏறத்தாழ ஒரே பாடத்தை மனனம் செய்தனர் எனலாம்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் பாடம் வேறுபட்டது. மலாயாவின் 1950 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இன்ஸ்பெக்டர் நிலைக்குக் கீழ்ப்பட்ட காவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதலையே விலக்கியது. எண் ஒன்றே; உள்ளே சில சொற்கள் கூடியிருக்கின்றன. அச்சொற்களின் கனம் பெரிது. இந்தியச் சட்டம் எந்த நிலைக் காவலரையும் நம்ப மறுத்தது. மலாயாச் சட்டமோ நம்பிக்கைக்கு ஒரு வாயிற்படியை அமைத்து, அதனை இன்ஸ்பெக்டர் பதவியில் வைத்தது. எனவே மலாயாவில் பயிற்சியும் தேர்வும் ஊதிய உயர்வுக்குரிய சடங்குகளாக மட்டும் இருக்கவில்லை. அவற்றைக் கடந்து பதவி பெற்ற ஒருவர் எழுதும் தாள், கடைநிலைக் காவலர் எழுதும் தாளுக்கு இல்லாத எடையை நீதிமன்றத்தில் பெற்றது. ஒருவன் உயிர் அந்த எடையில் தொங்கக்கூடும்.

அப்படியாயின் அவ்வாயிற்படியைக் கடந்தவர் யாவர்? அவர்கள் கற்றவை யாவை? குடியேற்ற ஆட்சியில் மேல்நிலை அலுவலர் ஐரோப்பியரே. 1907 முதல் குடியேற்ற நாடுகளுக்குச் செல்லும் காவல் அலுவலர் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவிலிருந்த ஐரியக் காவற்படைப் பயிற்சியகத்தில் பயில வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. கிளர்ச்சி செய்யும் குடிமக்களைக் கட்டுப்படுத்தவென உருவான, துப்பாக்கி ஏந்திய படை அது. மலாயா வந்த பின் சட்டத்திலும் மலாய் மொழியிலும் தேர்வு. சிலர் சீனம் கற்க அனுப்பப்பட்டனர். 1907 இல் சிங்கப்பூர் வந்த ரெனே ஒன்ரேட், ஹொக்கியன் பயிலச் சீனத்துக்குச் சென்று, 1935 இல் நீரிணைக் குடியேற்றங்களின் காவற்படைத் தலைவரானார். கடைநிலையில் இருந்த மலாய்க்காரர்க்கும், 1881 முதல் சிங்கப்பூரில் சேர்க்கப்பட்ட சீக்கியர்க்கும் அணிநடையும் துப்பாக்கிப் பயிற்சியுமே முதன்மைப் பாடங்கள். மொழி, சட்டம் என்னும் இரண்டும் மேலே இருந்தன. மக்களோடு நாள்தோறும் முகம் பார்த்துப் பேச வேண்டியவர் கீழே இருந்தனர்.

சீன மொழிக்குத் தரப்பட்ட முதன்மைக்குக் காரணம் வெளிப்படை. இரகசியச் சங்கங்கள் அரசை அச்சுறுத்தின. சீனம் பேசவும் படிக்கவும் தெரிந்த பிக்கரிங் தலைமையில் 1877 இல் சீனர் காப்பகம் தொடங்கியதும் அதனாலேயே. தமிழைப் பொறுத்தவரை நிலைமை வேறு. தமிழ் கற்றவர் இருந்தனர். தொழிலாளர் துறைக்குரிய அலுவலர் தென்னிந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கற்றனர். தோட்டத் துரைமார் கற்றனர். அவர்களைப் போன்றோர்க்காகவே 'கூலித் தமிழ்' என்ற தலைப்பில் ஒரு கையேடு 1915 இல் இலங்கையில் வெளிவந்தது. அத்தகைய கையேடுகளின் தமிழ் பெரிதும் ஏவல் வினைகளால் ஆனது. வா, போ, வெட்டு, எடு என்று சொல்லத் தெரிந்தால் தோட்டத்தை நடத்திவிடலாம். நடந்ததைச் சொல் என்று கேட்டு, வரும் விடையைப் புரிந்துகொள்ள அது போதாது.

காவற்படையில் தமிழ் ஏன் பின்தங்கியது? தமிழர் அமைதியானவர் என்ற நற்சான்றை இதற்குக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. தோட்டத்துத் தமிழரைக் கங்காணியும் கிராணியும் துரையும் 'பார்த்துக்கொள்வர்' என்று அரசு கருதியமையே காரணம் என்பது நம் துணிபு. தோட்டத்து வாயிலுக்குள் சட்டம் தானாக நுழைவதில்லை, அழைத்தால் வரும். 1941 இல் கிள்ளான் வட்டாரத்தில் ஊதியத்தையும் மதிப்பான நடத்தையையும் கோரித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அது அழைக்கப்பட்டது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குதலும் கோரிக்கைகளுள் ஒன்று. மே மாதத்தில் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். தொடர்ந்த அடக்குமுறையில் தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கூட்டத்தைக் கலைக்கும் பயிற்சி நன்றாகவே அளிக்கப்பட்டிருந்தது.

1948 சூனில் தொடங்கிய அவசரகாலம் இக்குறையைப் பெரிதாக்கியது. பாலஸ்தீனத்திலிருந்து சில நூறு காவல் அலுவலர் வந்தனர். உள்நாட்டு மொழி எதுவும் அறியாதவர்கள். சில நாள் பயிற்சியோடு சிறப்புக் காவலர் பல்லாயிரவர் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் நிறுத்தப்பட்டனர். 1952 இல் இலண்டன் நகரக் காவற்படையிலிருந்து வந்த ஆர்தர் யங், ஆட்களைப் பெருக்குவதை விடுத்துக் குறைக்கவும் மீளப் பயிற்றவும் முற்பட்டார். அவ்வாண்டு இறுதியில் அவர் தொடங்கிய 'சேவை நடவடிக்கை', இணைந்த இரு கரங்களைச் சின்னமாகக் கொண்டிருந்தது. அரசர் 1958 இல் வழங்கிய 'டிராஜா' என்ற அடைமொழியைப் பெற்ற படை, இந்த மறுபயிற்சியிலிருந்து உருவானது எனலாம்.

விடுதலைக்குப் பின் மலாய் தேசிய மொழியாகி, பயிற்சி மொழியுமாயிற்று. அடுத்த தலைமுறைத் தமிழர் மலாயில் சரளமாகப் பேசுவோர் ஆயினர். எனினும் மூத்தோர் அளித்த வாக்குமூலங்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே மலாய்த் தாளில் ஏறின. மொழிபெயர்ப்பு வகுப்பில் நாம் மாணவரிடம் வழக்கமாகத் தரும் ஒரு தொடர் உண்டு: 'அவன்மேல் கை வைத்தது நான்தான், பணத்தில் கை வைக்கவில்லை.' முதற்கூற்று அடித்தல், இரண்டாவது திருடுதல். முதலாவது தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு, இரண்டாவது 379. இரண்டையும் 'தொட்டேன்', 'தொடவில்லை' என்று பெயர்த்தெழுதும் மாணவர் ஒவ்வோராண்டும் இருக்கின்றனர். அவர்கள் இழப்பது இரண்டு மதிப்பெண்.

டான்ஸ்ரீ, துன் முதலிய பட்டங்களோடு அமையும் ஆணையங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரியில் உறங்குபவை. துன் முகம்மது சைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005 இல் அளித்த 125 பரிந்துரைகளுள் பலவற்றுக்கும் அக்கதி நேர்ந்தது. ஆயினும் 2006 இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, 2007 இல் நடைமுறைக்கு வந்தது. காவல் விசாரணையின்போது அளிக்கப்படும் வாக்குமூலத்தை, பதிவு செய்தவர் எந்தப் பதவியினராயினும், அளித்தவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பது அதன் 113ஆம் பிரிவின் பொது விதி. இன்ஸ்பெக்டர் என்ற வாயிற்படி அத்துடன் பெருமளவு அகன்றது. 1872 இல் இந்தியச் சட்டம் நின்ற இடத்துக்கு 135 ஆண்டுகள் கழித்து நாம் வந்து சேர்ந்தோம்.

அதே சட்டத்தின் 107ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. நிலையத்தில் வாய்மொழியாகத் தரப்படும் புகாரை அலுவலர் எழுத்தில் பதிந்து, புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. எந்த மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை.