லடாக் போறீங்களா? முதல் 48 மணி நேரம் ‘சும்மா’ இருப்பது ஏன் அவசியம்? பயணம், டிரெக்கிங், தன்னார்வப் பணி - முழு விவரம்

காலையில் சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, அடுத்த நாள் காலையில் லடாக்கின் லே நகரில் இறங்கிவிடலாம். கடல் மட்டத்தில் இருந்த உடம்பு, ஒரே நாளில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்கும். விமானத்துக்கு இது சில மணி நேரப் பயணம். ஆனால் உடம்புக்கு? அதற்குக் குறைந்தது இரண்டு, மூன்று நாட்கள் வேண்டும்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் இறங்கிய அன்றே பைக்கை எடுத்துக்கொண்டு கர்துங் லா கணவாய்க்குக் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போனாலும், டிரெக்கிங் போனாலும், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனாலும் விதி ஒன்றுதான்: மலையில் கால அட்டவணையைப் போடுவது நீங்கள் இல்லை, உங்கள் உடம்பு. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

லடாக் எவ்வளவு உயரம்?

தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர். லே விமான நிலையமே சுமார் 3,250 மீட்டரில் இருக்கிறது. அதாவது, விமானத்தைவிட்டு இறங்கும்போதே நீங்கள் ஆனைமுடி உச்சியைவிட அரை கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறீர்கள். “ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போய் பழக்கம்தான்” என்பது இங்கே செல்லாது.

லடாக்கில் பலரும் போகும் இடங்களின் உயரம் (தோராயமாக):

- கார்கில் - 2,680 மீட்டர்
- நுப்ரா பள்ளத்தாக்கு (திஸ்கித்) - 3,100 மீட்டர்
- லே நகரம் - 3,500 மீட்டர்
- பாங்காங் ஏரி - 4,300 மீட்டர்
- சோ மோரிரி ஏரி - 4,500 மீட்டர்
- கர்துங் லா கணவாய் - 5,350 மீட்டர்

அங்கே ஆக்சிஜன் குறைவா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் 21 சதவீதம்தான், லேவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லாவில் கிட்டத்தட்ட பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது.

உடம்பு இதைச் சமாளிக்க முதலில் வேகமாக மூச்சு விடும். இதயத் துடிப்பு கூடும். அடிக்கடி சிறுநீர் வரும். ராத்திரி தூக்கம் கலையும். இதெல்லாம் உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறிகள்தான். புதிய ரத்த சிவப்பணுக்கள் போதிய அளவில் உருவாவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

தினமும் ஜிம் போறவங்களுக்குப் பிரச்சினை வராதா?

வரும். உடற்தகுதி இருந்தால் மலையேறும்போது களைப்பு குறையும், அவ்வளவுதான். உயர நோயிலிருந்து அது காப்பாற்றாது. 25 வயது ஓட்டப்பந்தய வீரருக்கு வரலாம், கூடவே போன 60 வயது அம்மாவுக்கு ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். இன்னும் சொல்லப்போனால், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாக ஏறிவிடும் இளைஞர்களுக்கு ஆபத்து கூடுதல். எவ்வளவு பலசாலி என்பதைவிட எவ்வளவு வேகமாக மேலே போனீர்கள் என்பதுதான் முக்கியம்.

அறிகுறிகள் என்ன?

உயர நோய் பொதுவாக மேலே போன 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அசதி ஆகியவை முதல் கட்டம். கிட்டத்தட்ட குடித்துவிட்டு மறுநாள் எழுந்ததுபோல இருக்கும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

ஆனால் கீழே உள்ள அறிகுறிகள் வந்தால் காத்திருக்கவே கூடாது:

- சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளியில் நுரை அல்லது ரத்தம், உதடு நீலமாவது. இது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் வரும்.
- குழப்பமான பேச்சு, அதிக மயக்கம், தடுமாறும் நடை. இது மூளை வீக்கத்தின் அடையாளம். தரையில் ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொண்டு குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே மருத்துவ உதவி தேவை.

இரண்டுமே சில மணி நேரங்களில் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆக்சிஜன் கொடுப்பதும் கீழே இறக்குவதும்தான் முதல் சிகிச்சை.

‘இறங்கணும்னா ஏறணும்’ - லடாக்கின் தனிச் சிக்கல்

உடம்பு சரியில்லையென்றால் கீழே இறங்கிவிடுங்கள் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் அறிவுரை. லடாக்கில் அதில் ஒரு சிக்கல் உண்டு. பாங்காங் ஏரியில் ராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால், லே மருத்துவமனைக்கு வரும் வழக்கமான சாலை 5,300 மீட்டருக்கும் மேலே உள்ள சாங் லா கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். அதாவது, இறங்குவதற்கு முன் இன்னும் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். லேவைவிடத் தாழ்வான நுப்ராவுக்குப் போகவும் இதே கதைதான், நடுவில் கர்துங் லா நிற்கிறது.

அதனால்தான் அங்கே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது சரிவராது. லேசான தலைவலி இருந்தாலும் லேவைவிட்டு மேலே கிளம்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

முதல் வாரத்தை எப்படித் திட்டமிடலாம்?

விமானத்தில் வருகிறவர்கள் குறைந்தது 48 மணி நேரம் லேவிலேயே ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள நிர்வாகமும் மருத்துவர்களும் தொடர்ந்து சொல்லிவரும் அறிவுரை. அதன்படி ஒரு மாதிரித் திட்டம் இதோ:

- நாள் 1: அறையிலேயே இருங்கள். சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், படம் பாருங்கள். பகல் முழுக்கத் தூங்க வேண்டிய அவசியம் இல்லை.
- நாள் 2: லே கடைவீதியில் மெதுவான நடை. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அந்த வேகம் சரி. மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள்.
- நாள் 3: தலைவலி இல்லையென்றால் சாந்தி ஸ்தூபிக்கு நின்று நின்று ஏறலாம். சிந்து நதிக்கரையில் உள்ள திக்சே மடாலயத்தைப் பார்க்கலாம்.
- நாள் 4, 5: நுப்ரா. கணவாய் உச்சியில் போட்டோவுக்கு 10, 15 நிமிடம் போதும். தூங்கப்போகும் இடம் லேவைவிடத் தாழ்வு என்பதால் உடம்புக்கு நல்லது.
- அதன் பிறகு: பாங்காங் அல்லது சோ மோரிரி.

3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் ஓய்வு தேவை என்பது மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. பகலில் எங்கே போனீர்கள் என்பதைவிட ராத்திரி எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

சாலை வழி நல்லதா?

நேரம் இருந்தால் ஸ்ரீநகர் - கார்கில் - லே வழி உடம்புக்கு இதமானது. சுமார் 1,600 மீட்டரில் தொடங்கி, கார்கிலில் ஒரு ராத்திரி தங்கி, படிப்படியாக மேலே போகலாம். மணாலி வழி அழகு, ஆனால் கடுமை. நடுவில் சார்ச்சு கூடாரங்களில் தங்கினால் அது சுமார் 4,300 மீட்டர். பழகாத உடம்போடு அங்கே படுப்பது பலருக்கும் மோசமான ராத்திரியாகிவிடும். தாழ்வாக உள்ள கேலாங் அல்லது ஜிஸ்பாவில் தங்கி வருவது மேல். இரண்டு சாலைகளிலுமே கோடைக்காலம்தான் சுற்றுலாவுக்கு ஏற்றது.

மாத்திரை, ஆக்சிஜன் கேன் தேவையா?

அசிடசோலமைடு என்ற மாத்திரை (டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும்) உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். நண்பர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ள வேண்டாம். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் ஆலோசனை இல்லாமல் டிக்கெட்டே போடாதீர்கள்.

கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதை நம்பி மேலே ஏறுவது தப்பு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். சென்னையில் 98 காட்டியது அங்கே 90க்குக் கீழே காட்டலாம். எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலியை அலட்சியம் செய்யவும் வேண்டாம். முதல் சில நாட்கள் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. இரண்டுமே தூக்கத்தில் மூச்சின் வேகத்தைக் குறைக்கும்.

டிரெக்கிங், ஓட்டம்... எப்போது தொடங்கலாம்?

முதல்முறை போகிறவர்களுக்கு ஷாம் பள்ளத்தாக்கு நடைப்பயணம் நல்ல தொடக்கம். லிகிர் கிராமத்தில் தொடங்கி, ஊர் ஊராக நடந்து, வீட்டுத் தங்கல்களில் தூங்கி, டெமிஸ்கம் வரை போகலாம். மார்க்கா பள்ளத்தாக்குப் பயணம் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் கொண்டது. அதற்கு லேவில் கூடுதல் நாட்கள் தங்கிப் பழகியிருக்க வேண்டும்.

2012 முதல் நடக்கும் லடாக் மாரத்தானுக்குப் போகிறவர்களும் பல நாட்கள் முன்பே போய்விடுகிறார்கள். ஊரில் ஓடும் வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். முதல் வாரம் நடை, அடுத்து மெதுவான ஓட்டம் என்று கூட்டுங்கள்.

தன்னார்வப் பணி: என்ன செய்யலாம்?

2011 கணக்கெடுப்புப்படி லடாக்கின் மக்கள்தொகை சுமார் 2.74 லட்சம். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை. குளிர் காரணமாக பெரும்பாலான இடங்களில் ஒரு போகம்தான் விளைச்சல். ஏப்ரல், மே மாதம் விதைக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் உயரத்தில் உள்ள பனிப்பாறை உருகி வர ஜூன் ஆகிவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத் தண்ணீரைக் கிராமத்துக்கு அருகே உறையவைத்துச் சேமிக்கும் செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். 2015ல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பிறகு வந்த கோபுர வடிவ ‘ஐஸ் ஸ்தூபி’யும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான்.

எனவே அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. மாணவர்களோடு ஆங்கில உரையாடல் பயிற்சி, அறுவடை உதவி, குப்பை சேகரிப்பு, பனிக்கட்டி நீர்த்தேக்க வேலை என்று பல உண்டு. பே கிராமத்தில் உள்ள, 1988ல் தொடங்கப்பட்ட செக்மால் அமைப்பின் வளாகம் ஆங்கில உரையாடலுக்குத் தன்னார்வலர்களை அழைத்துப் பெயர்பெற்றது.

ஆனால் ஒரு வாரம் போய் ‘உதவி செய்துவிட்டு வருகிறேன்’ என்றால்? முதல் மூன்று நாள் நீங்களே படுத்திருப்பீர்கள். உங்களைக் கவனிக்க ஒருவர் தேவைப்படும். குறைந்தது நான்கு வாரமாவது ஒதுக்க முடிந்தால்தான் உங்கள் உடம்பும் பழகும், பிள்ளைகளும் உங்களோடு பழகுவார்கள், ஊருக்கும் பிரயோஜனம்.

சேரும் முன் அமைப்பிடம் கேட்க வேண்டியவை:

- இப்போது ஆள் தேவையா, எந்த மாதத்தில் தேவை?
- உள்ளூர் ஆளுக்குக் கிடைக்க வேண்டிய சம்பள வேலையை நான் இலவசமாகச் செய்கிறேனா?
- கட்டணம் வாங்கினால் அது எங்கே போகிறது?
- குழந்தைகளோடு வேலை என்றால் என் பின்னணியைச் சரிபார்ப்பீர்களா? (சரிபார்க்காத இடத்தைத் தவிர்ப்பது நல்லது.)
- எனக்கு உடம்பு சரியில்லையென்றால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி?

நேரம் இல்லாதவர்களும் உதவலாம். கிராமத்து வீட்டுத் தங்கல்களில் தங்கினால் பணம் நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகும். தண்ணீர் தேவைப்படாத பாரம்பரிய உலர் கழிப்பறையை முகம் சுளிக்காமல் பயன்படுத்துங்கள். அதில் சேர்வதுதான் அவர்கள் வயலுக்கு உரம். வாளித் தண்ணீரில் குளியலை முடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

- பிற மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் தேவை.
- எல்லைப் பகுதிகளுக்கான அனுமதி, கட்டண விதிகள் மாறலாம். லடாக் நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் கட்டாயம். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கடுமையாகும்.
- திட்டத்தில் இரண்டு நாள் காலியாக விடுங்கள். மூடுபனியில் விமானம் ரத்தாகலாம், நிலச்சரிவில் சாலை மூடலாம், உடம்பும் ஓய்வு கேட்கலாம்.
- லேவின் முக்கிய அரசு மருத்துவமனை எஸ்.என்.எம். மருத்துவமனை. அவசர எண் 112. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகும் முன், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மறக்கக் கூடாத 3 விஷயங்கள்

1. மலையில் உடம்பு சரியில்லையென்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.
2. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள்.
3. அறிகுறி மோசமானால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவ உதவி தேடுங்கள், கீழே இறங்குங்கள்.

குழுவாகப் போகும்போது “என்னால் மற்றவர்கள் பிளான் கெட்டுவிடுமே” என்று தலைவலியை மறைப்பவர்கள் உண்டு. அப்படி யாராவது உங்கள் வண்டியில் இருக்கலாம். காலையில் கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் “ராத்திரி தூங்கினீங்களா? தலைவலி இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். ஒருவர் ‘ஆமாம்’ என்றாலும் அன்றைக்கு எல்லோரும் லேவிலேயே இருங்கள். பாங்காங் அடுத்த நாளும் அங்கேயேதான் இருக்கும்.